கித்தேரி பாடினால் மழை நிற்கும்

மழை வேண்டாம் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் மழை வேண்டும் என்று பொங்கல் வைக்கிறவர்களும் ஒரே வானத்துக்குக் கீழே ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் குடியிருக்கும்படி எந்தப் புண்ணியவான் வகுத்து வைத்தானோ தெரியாது, கடலோரம் உப்பளமும் உள்ளே தள்ளிக் கரிசல் காடுமாகக் கிடக்கிற எங்கள் சங்குமேட்டில்தான் கித்தேரி பிறந்தாள், பாடினாள், உலகப் புகழ் பெற்றாள், அந்தப் புகழில் அவள் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பங்கு இருந்தது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பத்தொன்பது வருடம் நான் கித்தேரி ரசிகர் மன்றத்தின் செயலாளராக இருந்தேன், அத்தனை வருடமும் அவள் பாட்டில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

அவளுடைய அப்பா கப்பலுக்குப் போனவர். மற்ற கப்பல்காரர்கள் வீட்டுக்கு சென்ட் பாட்டிலும் கம்பளியும் வந்து இறங்க, கித்தேரி வீட்டுக்குக் கேசட்டுகள் வந்து இறங்கின, அதுவும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தங்கள் கோயில்களில் பாடிப் பழகிய தொண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, விட்டுப்போன புருஷனையும் வந்து சேராத கூலியையும் பற்றிக் கர்த்தரிடம் முறையிடுகிற அதே குரலில் ஊராரிடம் முறையிடுகிற பாட்டுகள். இதற்கு 'சோல்' என்று பேர், ஆத்துமா என்று அர்த்தம் என்று மகளுக்கு விளக்கிவிட்டு அடுத்த கப்பலில் ஏறிய அப்பா, ஏதோ ஒரு துறைமுகம் மனசுக்குப் பிடித்துப்போய் அங்கேயே இறங்கிக்கொண்டார். ஆத்துமா எங்கள் ஊரில் தங்கிவிட்டது.

அம்மா மிக்கேலம்மாள் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் உப்பளத்தில் உப்பு வாருகிறவள், என் அம்மாவுக்கு அடுத்த பாத்தி. பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பின் மேல் வெயில் விழுந்தால் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் போய்க் குடியேறிவிடும், முப்பது வருடம் அதைப் பார்த்தவர்களுக்குப் பிறகு வேறெதுவும் தெரியாது. மிக்கேலம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயதில் இருட்டு எது வெளிச்சம் எது என்கிற அளவுக்குத்தான் பார்வை மிச்சமிருந்தது. அண்ணாச்சி நல்லவர், அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார், கண் போன பிறகு.

கித்தேரியும் பதினாறு வயதிலேயே அளத்துக்குப் போய்விட்டாள். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவாள், சாயங்காலம் வந்து அம்மாவிடம் பாடிக்காட்டுவாள். மிக்கேலம்மாள் சுவரில் சாய்ந்து முழுப்பாட்டையும் கேட்பாள், கேட்டுவிட்டு ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

"ஏட்டி, உப்பு சுமக்கவ இப்படியா மூச்சு விடுவா? இவ்வளவு நீட்டமா இழுத்தா வரப்புலயே விழுந்துருவா. தலையில கூடைய வச்சு நடந்துக்கிட்டே பாடிப் பாரு. எங்க மூச்சு நிக்கோ அங்க வரிய முறி."

கித்தேரி மறுநாள் கூடையோடு நடந்து பாடிப் பார்த்து, மூச்சு நிற்கிற இடத்தில் வரியை முறித்துக்கொண்டு வருவாள். அவள் பாட்டுகள் எல்லாமே அப்படிச் சுமையோடு அளந்தவைதான். பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அந்த வினோதமான தாளக்கட்டு எங்கிருந்து வந்தது என்று எங்கள் மன்றத்தில் விசாரித்தார், நாங்கள் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

அவளுக்கு இருபத்துமூன்று வயதான சித்திரையில், மாதாவின் குகைக் கோயிலான கெபியின் திருவிழாவன்று, உப்பு விளைந்து அம்பாரம் அம்பாரமாய்க் குவிந்து மூடப்படாமல் கிடந்த நேரத்தில், யாரும் கேட்காமலே மழை வந்தது. சித்திரை மழை உப்பளத்துக்காரர்களுக்கு எழவு வீடு. மொத்தக் கூட்டமும் கீற்றைத் தேடியும் தார்ப்பாயைத் தேடியும் அளத்தைப் பார்த்து ஓட, மேடையில் பாடக் காத்திருந்த கித்தேரியை இறங்கு என்று சொல்ல ஆளில்லாததால் அவள் மைக்கைப் பிடித்துத் தன் பாட்டைப் பாடினாள். மழை நின்றது. குழாயைத் திருகி மூடினமாதிரி நின்றது, அதுவும் எங்கள் ஊர் எல்லையோடு நின்றது, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் இந்தப் பக்கம் நனையாமல் நின்று பார்த்தோம். பாட்டு முடிந்து அவள் மூச்சு விட்டதும் மறுபடி பெய்தது, அவள் அடுத்த பாட்டை எடுக்க மறுபடி நின்றது.

இதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, உப்பை மூடுகிற வேலை இருந்தது. பங்குச் சாமியார் ஆயருக்குக் கடிதம் எழுதினார், ஆயர் அலுவலகத்திலிருந்து கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அந்த அளவில் திருச்சபை தன் கடமையை முடித்துக்கொண்டது. காரியக்காரர் சுயம்புலிங்கம் அண்ணாச்சிதான். மறுநாளே கித்தேரியின் தலையிலிருந்து கூடையை இறக்கி, உப்பு அம்பாரத்து உச்சியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்.

"கருமேகம் தெரிஞ்சா பாடு. மத்த நேரம் சும்மா இரு. தொண்டைய வீணாக்காத" என்றார்.

"அண்ணாச்சி, பாட்டு எப்படியிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நாலே நிமிசத்துல மழ நின்னுட்டே, பெறகென்ன" என்றார்.

அன்றிலிருந்து அவள் பாட்டை நாங்கள் நிமிடத்தில்தான் எடைபோட்டோம். தூறலுக்கு இரண்டு நிமிடம், அடைமழைக்கு நான்கு, இடியோடு வந்தால் பல்லவியை இரண்டு தடவை பாடவேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் நடுவே அவள் பேரையும் எழுதிக்கொண்டார்கள். கட்சி மாநாடுகளில் அவள் பாட, தலைவர்கள் நனையாமல் பேசினார்கள், அதற்காக நாட்டு மக்கள் அவளை மன்னிக்கவேண்டும். சென்னையிலிருந்து ஒரு இசைக் கம்பெனி வந்து அவளைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்திப் பாடவைத்து ஒரு சிடி போட்டது, அது லட்சக்கணக்கில் விற்றது, வாங்கியவர்கள் அதை வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். சிடி எந்த மழையையும் நிறுத்தவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுபது பேர் வழக்குப் போட, இரண்டாம் பதிப்பின் அட்டையில் 'நேரில் பாடினால் மட்டுமே' என்று அச்சடித்தார்கள். மிஞ்சிய சிடிகளைக் கம்பங்கொல்லைகளில் கட்டினார்கள், வெயிலில் அவை மின்னியதைப் பார்த்துக் கிளிகள் பயந்து ஓடின. கேட்க ஆளில்லாவிட்டாலும் அவள் பாட்டு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது.

பிறகு வெளிநாடு. மழையால் ஆட்டம் கெடுகிற மைதானங்களுக்கு அவளை ஒவ்வொன்றாக அழைத்துப் போனார்கள், ரசிகர் மன்றச் செயலாளர் என்ற முறையில் ஒரு தடவை நானும் போனேன். முப்பதாயிரம் வெள்ளைக்காரர்கள். கித்தேரி நடுவில் நின்று, விட்டுப்போனவனின் கேசட்டைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பெண்பிள்ளையைப் பற்றிய ஒரு பாட்டை (அப்படித்தான் இருந்திருக்கவேண்டும், பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்) உயிரை விட்டுப் பாடினாள், முப்பதாயிரம் பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவள் வாயைத் திறந்ததும் நாங்கள் தலையைத் தூக்கிவிடுவோம், மேகம் எப்போது பிரிகிறது என்று பார்த்து, பிரிந்ததும் கைதட்டி, எழுந்து போய்விடுவோம். மழை பாதிப் பாட்டில் நின்றால் பாதியில் போய்விடுவோம். பத்தொன்பது வருடத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டவள் ஒருத்திதான், அவளுக்குக் கண் தெரியாது.

அதனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் விமானம் ஏறி, பெட்டியைக்கூட இறக்காமல் கித்தேரி நேராக அம்மா முன்னால் வந்து உட்காருவாள். அப்படி ஒரு தடவை, மிக்கேலம்மாள் படுக்கையோடு படுக்கையாகிவிட்ட பிறகு, அவள் புதுப்பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அம்மாவைப் பற்றியே கட்டிய பாட்டு.

"வெள்ளையத்தான் பாத்தேன், வெயிலத்தான் பாத்தேன்,
பிள்ளமொகம் பாக்கையில பொழுதணஞ்சு போச்சு."

மிக்கேலம்மாள் முழுசும் கேட்டாள். "பொய்யி" என்றாள்.

"எம்மா, எது பொய்யி?"

"ரெண்டாவது வரி. ஒம் மொகத்தை நான் பாக்கலைன்னு யாரு சொன்னா? தெனமும் சாயங்காலம் வந்து கையால தடவிப் பாத்தேன்லா. உப்பறுத்த கை பட்டா எரியுதுன்னு அழுவ. மறந்துபோச்சோ ஒனக்கு."

இதையெல்லாம் அன்று அங்கே சாப்பாடு கொண்டுபோன என் அம்மாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"அழாத. திருத்து" என்றாளாம் மிக்கேலம்மாள். "அவசரமில்ல. நான் போற அன்னைக்கு, குழிக்குள்ள எறக்கும்போது திருத்திப் பாடு. பொய்யப் பாடி என்னையப் பொதைச்சுராத."

"பாடுதேன்மா" என்று கித்தேரி அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

இந்த வாக்கைக் கொடுத்தபோது கரிசல்காட்டு ஏழு கிராமத்தையும் அவள் யோசிக்கவில்லை. நாங்களும் அதுவரை யோசித்ததில்லை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் போடுகிற அந்தச் சனங்கள், அதற்குப் பிறகு ஊரோடு தங்கிவிட்ட கித்தேரியைச் சங்குமேட்டில் ஒரு காதுகுத்துக்குக்கூட மேடை போட்டு, கரிசல்காடுவரை கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டிப் பாடவைக்க, பாட்டுச் சத்தம் போகிற தூரம்வரை மேகம் கலைந்துபோவதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் வருடம் கொம்பையா என்பவரின் தலைமையில் வெறும் குடங்களோடு கலெக்டர் அலுவலகத்து வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கலெக்டர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். அந்த மேசையில் உப்பளத்துக்காரர்கள் ஒரு பக்கம், விவசாயிகள் ஒரு பக்கம், நடுவில் ஒலிபெருக்கி வாடகைக்காரர் ஒருவர் நிபுணர் என்ற முறையில் உட்கார்ந்திருந்தார். கித்தேரியைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தை முதல் புரட்டாசிவரை பாடலாம், ஐப்பசி முதல் மார்கழிவரை பாடக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது, ஏனென்றால் முணுமுணுத்தால் மழை தூறலாகக் குறைகிறது என்று ஒப்பந்தம் ஆனது. கண்காணிக்க ஒரு பெண் போலீசும் கிராம நிர்வாக அலுவலரும் நியமிக்கப்பட்டார்கள். முதல் வருடம் மூன்று மாதமும் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக அரசாங்கம் அவளுக்குக் கலைஞர்களுக்கான உயர்ந்த விருதைக் கொடுத்தது. அந்த விழாவுக்குத்தான் அவள் வாழ்க்கையிலேயே அதிகக் கூட்டம் வந்தது.

மறு ஐப்பசி பதினேழாம் தேதி காலை மிக்கேலம்மாள் இறந்துபோனாள். மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

சேதி கேட்டு நாங்கள் போவதற்குள் வீட்டு வாசலில் பெண் போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், பாவம், அவரும் நனைந்துகொண்டுதான் இருந்தார். அடுத்து சுயம்புலிங்கம் அண்ணாச்சி பெரிய மாலையோடு வந்து, கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கித்தேரியின் பக்கத்தில் குனிந்து, "அம்மைக்குப் பாடத்தான செய்வ, அத கொஞ்சம் நீட்டிப் பாடு, மூடாத உப்பு ரெண்டு அம்பாரம் கெடக்கு" என்றார். அவர் நகரும்போதே கொம்பையா இருபது பேரோடு உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், வேட்டியில் முழங்கால்வரை கரிசல் மண். அவர் கையில் மாலை இல்லை. சவப்பெட்டிக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"தாயி, பாடப்போறேன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாய்யா. அம்மை கேட்டிருக்கா. ஒரே ஒரு பாட்டு."

"கம்மா பாதிதான் நெறஞ்சிருக்கு. இன்னும் நாலு நா இதேமாதிரி பேஞ்சாத்தான் வெதைப்புக்கு ஆகும். மழையில்லாத அந்த ரெண்டு வருசத்துல வெளியூருக்குச் செங்கச்சூளை வேலைக்குப் போன எங்க புள்ளைக இன்னும் திரும்பல. இந்த மேகம் கலைஞ்சா திரும்பி வராது தாயி."

"தெரியும்யா."

"ஒரு பாட்டுக்கு ஒரு போகம் போயிரும்."

கித்தேரி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கறுப்புக் கண்ணாடியை யாரோ மரியாதைக்காக மாட்டிவிட்டிருந்தார்கள், அதைக் கழற்றி மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "வாக்குக் குடுத்துட்டேன்யா" என்றாள். "என்னையத் திட்டிக்கிடுங்க. ஒங்க சாபமெல்லாம் எனக்கு விழட்டும். அம்மைக்கிட்டப் பொய்யச் சொல்லி அனுப்ப என்னால முடியாது."

பெண் போலீஸ் எழுந்து நின்றார், கொம்பையாவின் ஆட்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் குடையை மடக்கி மடக்கி விரித்தோம். கொம்பையா சவப்பெட்டியைப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர் எவருக்கும் வராத வார்த்தை அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது.

"எனக்கும் ஆத்தா இருந்தா" என்றார். "பாடிக்க தாயி." இரண்டடி நடந்தவர் திரும்பி, "சின்னப் பாட்டா இருந்தா நல்லது" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று அறுநூறு பேர் இருந்தோம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொட்டினார்கள். சாமியார் மந்திரித்து முடித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்க ஆரம்பித்தபோது கித்தேரி மைக் இல்லாமல், முக்காடு நனைந்து முகத்தில் ஒட்டிக்கிடக்க, வாயைத் திறந்தாள்.

அறுநூறு பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம். பத்தொன்பது வருடப் பழக்கம். கொம்பையா மட்டும் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம் ஆனது. மழை நிற்கவில்லை. தூறலாகவும் ஆகவில்லை, முகம் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கண்ணுக்குள் இறங்கியது, எத்தனை நேரம்தான் மனுசன் அப்படிக் கொட்டுகிற மழையைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியும், ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தோம். மேலே பார்க்க ஒன்றும் இல்லாமல்போன பிறகுதான் கீழே ஒருத்தி பாடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"வெள்ளையத்தான் பாத்தேன், வெயிலத்தான் பாத்தேன்,
பிள்ளமொகம் பாத்ததெல்லாம் உப்பறுத்த கையி.
எரியுதுன்னு அழுதபிள்ள இன்னைக்குத்தான் சொல்லுது,
கைய நீ எடுத்தபின்னே கன்னமெல்லாம் எரியுது."

எங்கள் ஊர் அளத்துப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. குடை பிடித்திருந்தவர்கள் குடையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். உப்பு அறுத்து வெள்ளை வெள்ளையாய் வெடித்த கைகளில் மழை விழுந்து எரிந்திருக்கவேண்டும், ஆனாலும் மூடிக்கொள்ளவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். எங்களுக்கு இப்படி ஒரு பாட்டு இத்தனை வருடமும் சோறு மாதிரிப் பக்கத்தில் இருந்திருக்கிறது, நாங்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அவள் சின்னதாகத்தான் பாடினாள். முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் கலைந்து போகவுமில்லை.

அந்த அறிவு எங்களுக்குச் சாயங்காலம்வரை தாங்கியது. மறுநாள் பத்திரிகையில் 'மழைப் பாடகி தோல்வி' என்று போட்டிருந்தான். குரல் போய்விட்டது என்றார் ஒலிபெருக்கி வாடகைக்காரர், விருது வாங்கினால் அப்படித்தான் ஆகும் என்றார் கிராம நிர்வாக அலுவலர். தையில் மறுபடி பாடவைத்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள், ஒரு துளிகூட நிற்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியை எடுத்துவிட்டு நல்ல தார்ப்பாயாக வாங்கினார். மைதானக்காரர்களும் மாநாட்டுக்காரர்களும் கழன்றுகொண்டார்கள், சென்னைக் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. எங்கள் ரசிகர் மன்றத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே வாரத்தில் விலகினார்கள். கம்மாய் நிறைந்து மறுகால் போனதற்குக் கொம்பையா ஒரு மூட்டை உளுந்து கொண்டுவந்து கித்தேரி வீட்டில் இறக்கிவிட்டுப் போனார், அவளுடைய வெற்றிகரமான கலைவாழ்க்கையில் பாட்டுக்காக வந்த முதல் சன்மானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதும் பாடுகிறாள். சனிக்கிழமை கூலி போட்டதும், மாலையில், கெபிக்கு முன்னால். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள், பெரும்பாலும் அளத்துப் பெண்கள், கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, வரி முறிகிற இடத்தில் தாங்களும் மூச்சு விடுவார்கள். மழை வந்தால் நனைவோம். ஒருத்தரும் மேலே பார்ப்பதில்லை.

அடக்கம் முடிந்த அன்று நான் நனைந்தபடியே வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் கையைப் பிடித்து எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக. அரம் மாதிரி இருந்தது.

அம்மா அந்தக் கையை அப்படியே என் நெற்றிக்கு ஏற்றி வைத்துப் பார்த்தாள்.

"என்னல, காய்ச்சலா?" என்றாள்.